சீசன் அண்டா

இந்த வருஷம் தன் வீட்டு அண்டாவைப் பார்த்து யாரும் மூக்கைச் சுளிக்கக் கூடாது என்று மந்திரமூர்த்தி சபதம் எடுத்தார்.

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் தென்காசியில் அவர் வீட்டில் சொந்தக்காரர் கூட்டம் விழும். "ஹோட்டல் எதுக்கு, நம்ம வீடு இருக்கு" என்று போனில் சொல்வது அவர் வேலை. மிச்ச வேலையெல்லாம் அவர் மனைவி சங்கரேஸ்வரிக்கு. கல்யாணமாகி இருபத்திரண்டு சீசன் போய்விட்டது. அருவி ஐந்தே கிலோமீட்டர். ஒரு சீசனிலாவது அவள் தலை அருவியில் நனைந்ததில்லை. நனைந்ததெல்லாம் அடுப்படி வேர்வையில்.

இன்றைக்குப் பதினெட்டுப் பேர். விடிந்ததும் குளிக்கப் போய்விட்டார்கள். ஒரு மணிக்குப் பசியோடு வந்து நிற்பார்கள். அத்தனை பேருக்கும் சோறு வடிக்க வீட்டில் இருப்பது ஒரே ஒரு அலுமினிய அண்டா. உள்ளே போர் தண்ணீர் வெள்ளையாய்ப் படிந்து, அடியில் கறுத்துப் போனது.

"நானே வெளக்குதேன்," என்றார்.

"சோப்பு போட்டு வெளக்குங்க. பாத்ரூம் ஆசிட்டை மட்டும் தொட்டுராதிய."

"ஏன்?"

"அலுமினியத்துல ஆசிட் பட்டா கரைஞ்சு உப்பாப் போயிரும். பத்தாங்கிளாஸ்ல சிஸ்டர் சொல்லிக் குடுத்தாவ."

"ஒங்க கான்வென்ட் சிஸ்டர் வந்துதான் எங்க வீட்டு அண்டாவை வெளக்கணுமாக்கும்?"

"நான் சொல்லிட்டேன். பெறவு என்னைய குத்தம் சொல்லப்பிடாது."

அவள் வேண்டாம் என்றதை அவர் செய்யாமல் விட்டதே இல்லை. மாடிக்குத் தகரம் போடாதிய என்றாள். போட்டார். ஆடிக்காற்றில் அது அடுத்த தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது.

கொல்லைக் குழாயடியில், தேடவே வேண்டாதபடி ஆசிட் பாட்டில் இருந்தது. ஊற்றினார். வெள்ளைப் படிவு சுறுசுறுவென்று நுரைத்துக் கழன்றது. "சிஸ்டராம், சிஸ்டர்!" கறுப்பு மட்டும் அசையவில்லை. பாட்டிலைக் கவிழ்த்தார். கொஞ்ச நேரம் அண்டா சும்மா இருந்தது. பிறகு கொதித்தது. அடுப்பில்லாமல், தீயில்லாமல் புகைந்து பொங்கியது. மந்திரமூர்த்தி இருமிக்கொண்டே வேலிப்பக்கம் ஓடினார். திரும்பி வந்தபோது அண்டாவின் அடியில் நாலு ஓட்டை. அவற்றின் வழியே தரை தெரிந்தது.

"ஏட்டி சங்கரேஸ்வரி! பதினெட்டுப் பேருக்கு எதுலட்டி வடிக்க?"

"எதுலயும் வடிக்க முடியாது. ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போங்க. உப்பு மட்டும் நீங்களே செஞ்சிட்டிய. அதையும் வாயில வச்சிராதிய."

அவள் கையில் துண்டும் மாற்றுச்சேலையும் பிதுங்கும் பை. வாசலில் ஆட்டோ. அதற்குள்ளிருந்து பக்கத்து வீட்டு ஜாஹிரா பீவி, "அக்கா, தண்ணி நல்லா விழுதாம், சுருக்கா வாங்க!" என்று கூப்பிட்டாள்.

மந்திரமூர்த்தி அப்போதுதான் கவனித்தார். மனைவியின் நெற்றியில் நல்லெண்ணெய் வழிந்துகொண்டிருந்தது.

"தலைக்கு எண்ணெய் எப்பம்ட்டி வச்ச?"

"ஆசிட்டைத் தொடாதியன்னு சொல்லிட்டு, நேரா எண்ணெய்க் குப்பியைத்தான் எடுத்தேன்."