பழைய சிவப்புக் கொடி

சைரன் மறுபடியும் அலறியது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் விழுந்தடித்துக் கரையேறினார்கள். கடலோ தேமே என்று கிடந்தது.

காவல் கொட்டகையில் கணினி முன் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக்கு வியர்த்து ஊற்றியது. ஆளைச் சத்தமில்லாமல் உள்ளே இழுத்துப்போகும் நீரோட்டத்தைக் கேமராவே கண்டுபிடித்துவிடும் என்று தம்பட்டம் அடித்தவர் அவர்தான். கம்பெனி மச்சானுடையது. வேலை மச்சான் போட்டுக்கொடுத்தது. அதை மச்சான் மறக்கவிடுவதில்லை.

போன் அடித்தது.

"மாப்ளே, மெஷினைப் பாத்து வாங்கறதுக்கு மாநகராட்சி ஆணையரம்மா கிளம்பிட்டாங்க. அவங்க முன்னாடி இது சும்மா கத்துச்சுன்னா, நீங்க வீட்டுக்குப் போயிடலாம். தங்கச்சிகிட்ட நானே சொல்லிடறேன்."

வேலை போவதைவிட, மச்சான் அதை வீட்டில் சொல்லப்போகும் விதத்துக்குத்தான் மாப்பிள்ளை பயந்தார்.

திரையில், நீரோட்டம் இருக்குமிடத்தைக் காட்டும் கட்டம் ஒன்று, சிவப்பு எச்சரிக்கைக் கொடிக்குச் சற்று இடதுபுறம் தண்ணீரில் துடித்தது.

"கொடிய சரியா நடலையா அண்ணே?"

"அது நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே இருக்கு சார்," என்றார் உயிர்காப்பாளர்.

"கட்டத்துக்கு நேரா இன்னொண்ணு நடுங்க."

நட்டார். அதற்கும் இடதுபுறம் புதுக் கட்டம் முளைத்தது. அதற்கொரு கொடி. உடனே இன்னொரு கட்டம். கொஞ்ச நேரத்தில் கடற்கரை கட்சி மாநாட்டுத் திடலாகிவிட்டது. குளிக்க இடமில்லாத ஜனங்கள் துண்டும் கையுமாக நின்று திட்டினார்கள்.

"கடலைப் பார்த்தா ஒண்ணும் தெரியலையே சார்?"

"கடலை ஏன் பாக்கறீங்க? மெஷினைப் பாருங்க!"

கேமராவின் கூர்மையைக் குறைக்கப்போய், பதற்றத்தில் கூட்டித் தொலைத்தார். கட்டம் ஒன்று கரையேறி, சிவப்பு அரைக்கால் சட்டை போட்டிருந்த உயிர்காப்பாளரைத் துரத்த ஆரம்பித்தது.

"சார், நான் ஓடுனா இதுவும் ஓடுது!" என்றார் அவர், கொட்டகை வாசலில் திரையைப் பார்த்தபடி அங்குமிங்கும் ஓடி.

மாப்பிள்ளைக்குச் சுரீர் என்றது. பழைய படங்களை வைத்து இயந்திரத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். நீரோட்டத்தைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்வானேன் என்று, கொடி தெரிந்த இடத்துக்குப் பக்கத்திலெல்லாம் கட்டம் போட்டுத் தள்ளியிருந்தார். அதுவும் சமர்த்தாகச் சிவப்பை மட்டும் படித்துத் தேறியிருந்தது.

"புதுக் கொடி எல்லாத்தையும் பிடுங்குங்க! சட்டைய மாத்துங்க!"

"வேற இல்ல சார்."

"அப்ப மேசைக்கு அடியில ஒளிஞ்சுக்குங்க!"

ஆணையர் வந்தபோது ஒரே கொடி, ஒரே கட்டம்.

"அடடே, கொடியும் மெஷினும் ஒரே இடத்தைக் காட்டுதே! மத்த கடற்கரைக்கும் வாங்கிடலாம்," என்றார். கூட வந்திருந்த மச்சான் கண்கலங்கி மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டார்.

போன உயிர் திரும்பிய மாப்பிள்ளை, வாசலில் நின்ற ஐஸ்கிரீம் வண்டிக்காரரிடம் ஒன்று வாங்கிக்கொண்டு காசை நீட்டினார்.

"உங்ககிட்ட காசு வாங்குவேனா சார்? அந்தப் பழைய கொடிய நட்டதே நான்தான். இல்லேன்னா ஜனங்க அந்தப் பக்கம் போய், போட்டி வண்டிக்காரன்கிட்டல்ல வாங்கித் தின்னுடறாங்க!"