கடற்பாசி சூப்பும் கைவிட்டது

“டப்பாவுக்கு இவ்வளவு லாபம், வாடகை இவ்வளவு, கூலி இவ்வளவு... அப்ப மாசம் எத்தனை டப்பா வித்தா கையைக் கடிக்காது?” என்று ஆலை முதலாளி மா, கிம்ச்சி என்ற கொரியக் கோஸ் ஊறுகாய் ஊறும் தொட்டியைப் பார்த்துப் புலம்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கோஸுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்த இன்ஹோ, நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள் விடையைச் சொல்லிவிட்டான்.

முதலாளி மெதுவாகத் திரும்பினார்.

“பள்ளிக்கூடத்தோட நின்னுட்டேன்னு தானே சொன்னே? மனசுலயே எப்படிடா கணக்குப் போட்டே?”

“மாமா தீவுல கடற்பாசி வியாபாரம் பண்றாரு முதலாளி. அவர்கூட இருந்து பழகினது.”

மாமாவும் கிடையாது, தீவும் கிடையாது. இன்ஹோவிடம் இருந்ததெல்லாம் இதே ஊர்க் கல்லூரியில் வாங்கிய வணிக மேலாண்மைப் பட்டம்தான். அதை வைத்துக்கொண்டு அவன் படியேறாத கம்பெனி இல்லை. பெரிய கம்பெனிகள் அனுபவம் இல்லை என்றன. சின்ன கம்பெனிகள் இவ்வளவு படித்தவர் எங்களிடம் தங்கமாட்டார் என்றன. கடைசியில் இந்தக் கிம்ச்சி ஆலைக்கு வந்தபோது, ‘பட்டதாரிகள் வேண்டாம், ஓடிவிடுகிறார்கள்’ என்று வாசலிலேயே எழுதிப் போட்டிருந்தது. இன்ஹோ பட்டத்தைப் பெட்டிக்கடியில் வைத்துவிட்டு, படித்த வருஷங்களுக்குப் பதிலாக ஒரு கடற்பாசித் தீவை நட்டுவிட்டு, உள்ளே நுழைந்துவிட்டான்.

நுழைந்த பிறகு வேலை பிடித்துப்போனது என்பதுதான் வேடிக்கை. சம்பளம் ஒழுங்காக வந்தது. இப்போதெல்லாம் அம்மா போனில் பெருமூச்சு விடாமல் பேசினாள். பொய் சொல்லிச் சேர்ந்தவனை, தெரிந்த அன்றைக்கே அனுப்பிவிடுவது ஆலையின் வழக்கம்.

ஆகவே இனி மக்காக இருப்பது என்று முடிவு செய்தான். மறுநாள் ஒரு வண்டிச் சரக்கு முழுவதற்கும் லேபிளைத் தலைகீழாக ஒட்டினான்.

ஆலையே சித்தி என்று கூப்பிடும் மேற்பார்வையாளர் ஓக்பூன் தலையில் அடித்துக்கொண்டாள். “முதலாளி, இங்க வந்து பாருங்க இந்தக் கூத்தை.”

முதலாளி வந்தார், பார்த்தார். கோபப்படவில்லை. அதுதான் விபரீதம்.

“புத்தி வேற எங்கயோ இருக்கு சித்தி. கணக்குல புலி, லேபிள்ல எலி. இவனை உப்புத் தொட்டியில ஊறப்போட்டது நம்ம தப்பு. இவன் படிக்கணும்.”

“யாரு, இவனா?”

“நம்ம ஊர்க் கல்லூரியிலயே சாயங்கால வகுப்பு இருக்கு. வணிக மேலாண்மை. நாலு வருஷம். செலவு ஆலையோடது.”

இன்ஹோ அவசரமாகக் குறுக்கிட்டான். “வேண்டாம் முதலாளி. எனக்குப் படிப்பு ஏறாது. பட்டம் வாங்கினா மட்டும் வேலை கிடைச்சிடுதா?”

“உனக்குத்தான் வேலை இருக்கே. அப்புறம் என்னடா?”

நாலு வருஷம் படித்து மறைத்த பட்டத்தை, இன்னொரு நாலு வருஷம் உட்கார்ந்து திரும்பவும் வாங்கவேண்டும். அதற்கு முன்பே, கல்லூரிக் கம்ப்யூட்டரில் அவன் அடையாள எண்ணைத் தட்டினால் குட்டு உடைந்துவிடும்.

கல்லூரியில் சேரப் போகும் நாளில் ஓக்பூன் சித்தி எல்லோரிடமும் வசூல் செய்து ஜவ்வு மிட்டாய் வாங்கிவந்தாள். “நல்லா மெல்லு. சீட்டு அப்படியே ஒட்டிக்கணும்.”

அப்போதுதான் இன்ஹோவுக்கு அந்த யோசனை வந்தது. பரீட்சை, நேர்காணல் என்று போகிறவன் அன்றைக்குக் கடற்பாசி சூப்பைத் தொடவே கூடாது. வழவழக்கும் பாசியோடு அவனும் வழுக்கித் தோற்றுவிடுவான் என்பது ஊரறிந்த விஷயம். இன்ஹோ ஆலைச் சாப்பாட்டுக் கூடத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி நடுவில் உட்கார்ந்து, கிண்ணம் கிண்ணமாகக் கடற்பாசி சூப்பைக் குடித்தான்.

“ஐயோ, கெடுத்தானே!” என்று சித்தி கிண்ணத்தைப் பிடுங்கினாள். “முதலாளி, இன்னிக்குப் போகாதீங்க. சகுனமே சரியில்ல.”

இன்ஹோ முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டான்.

முதலாளி கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். “சித்தி, நீ ஒண்ணை மறந்துட்டே. இவன் கடற்பாசித் தீவுல வளர்ந்தவன். நமக்கெல்லாம் வழுக்கும். இவனுக்கு அது தாய்ப்பால் மாதிரி.”

கூடமே கைதட்டியது. இல்லாத தீவு இன்ஹோவின் காலை இப்படி வாரிவிட்டது.

போகும் வழியெல்லாம் முதலாளி வாய் ஓயவில்லை. “பயப்படாதே. வகுப்புல எல்லாரும் வேலைக்குப் போறவங்கதான். வயசானவங்க கூட உண்டு. அவங்களைப் பார்த்துச் சிரிச்சிடாதே, என்ன?” என்றார். அவர் கைக்குட்டைதான் வியர்வையில் நனைந்திருந்தது.

கல்லூரி அலுவலகத்தில் கால் வைத்ததும் இன்ஹோ நின்றுவிட்டான். சுவரில், கண்ணுக்கு நேராக, அவனுடைய வகுப்பின் பட்டமளிப்புப் படம். முன்வரிசையில் கறுப்பு அங்கியும் தட்டைத் தொப்பியுமாக, ஈ என்று இளித்துக்கொண்டிருந்தது அவன்தான். சட்டென்று ஓடிப்போய் அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டான்.

“உக்காரேன்டா,” என்றார் முதலாளி.

“நின்னா முதுகுக்கு நல்லது முதலாளி.”

ஆச்சரியம் என்னவென்றால் முதலாளியும் உட்காரவில்லை. அவரும் வந்து அதே சுவரில், அவன் தோளோடு தோள் ஒட்டிச் சாய்ந்துகொண்டார்.

அலுவலகப் பெண் அவன் படித்து முடித்த பிறகு வந்தவள். இன்ஹோவை அவளுக்குத் தெரியாது. அவள் விசைப்பலகையை இழுத்துக்கொண்டு, “அடையாள எண் சொல்லுங்க,” என்றாள்.

இன்ஹோவுக்கு அம்மாவின் பெருமூச்சு காதில் கேட்டது. இனி மறைப்பதில் பயனில்லை. “முதலாளி, என்னை மன்னிச்சிடுங்க,” என்று இடுப்பு வளையக் குனிந்தான். குனிந்ததும் படம் வெளியே தெரிந்தது.

அந்தப் பெண் படத்தைப் பார்த்தாள், இன்ஹோவைப் பார்த்தாள், பிறகு முகமெல்லாம் சிரிப்பாக முதலாளியின் பக்கம் திரும்பினாள்.

“மா ஐயா, மூணு வருஷமா சாயங்கால வகுப்புல முதல் வருஷப் பரீட்சையையே தாண்ட முடியாம, இப்பக் கொஞ்ச நாளா ‘இந்தப் படத்துல இருக்கிற பையன் எங்க ஆலையிலதான் ஒளிஞ்சிருக்கான், எப்படியாவது என் பக்கத்து பெஞ்சுல உக்கார வச்சிடறேன்’னு சொல்லிட்டே இருந்தீங்களே, கடைசியில கூட்டிட்டே வந்துட்டீங்களா?”