என்சைமுக்கு ஒரு விளக்க நோட்டீஸ்

ஜீவனஹள்ளி காந்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. முப்பது வருஷமாக வெயிலில் தெருக் கூட்டுகிறவள். இப்போது குப்பை எது, சுருண்டு படுத்திருக்கிற நாய் எது என்று விளக்குமாறு பட்ட பிறகுதான் தெரிகிறது. மேஸ்திரி உமேஷ் கறாராகச் சொல்லிவிட்டான்: "மாசக் கடைசிக்குள்ள ஆபரேஷன் பண்ணிக்கோ. இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்."

இலவச ஆபரேஷனுக்கு மல்லேஸ்வரம் அரசாங்க அலுவலகத்தில் அதிகாரி உயர்திரு சேஷகிரி அவர்களின் கையெழுத்து வேண்டும். டாக்டர் மமதா, பாவம் நல்ல மனுஷி, புரை வந்த காரணத்தைப் படிவத்தில் உள்ளபடி எழுதிக் கொடுத்துவிட்டாள். அரசாங்கப் படிவத்தில் யாராவது உண்மையை எழுதுவார்களா?

"வயதாலும் வெயிலாலும் கண் லென்ஸின் செல்கள் நெருக்கடிக்கு உள்ளாயின. சேதத்தைத் தடுத்துக் காக்கும் என்சைம்களின் வேலை குறைந்துபோனது. அதனால் லென்ஸிலுள்ள புரதம் திரண்டு, வெந்த முட்டை போல் வெளுத்துவிட்டது."

சேஷகிரி மூன்று முறை படித்தார்.

"ஏம்மா, யாரு இந்த என்சைம்?"

"கண்ணுக்குள்ள இருக்குதாம் சார்."

"உள்ளேயே இருந்துண்டு வேலை செய்யலேன்னா, அது கடமை தவறினதாச்சே! விசாரிக்காம எப்படி விடறது?"

"ஆபரேஷன் ஆனப்புறம் விசாரிங்க சார், புண்ணியமாப் போகும்."

"நன்னாச் சொன்னே போ! லென்ஸை எடுத்துட்டா சாட்சியம் அழிஞ்சுடாதா?"

மறுநாளே நோட்டீஸ் கிளம்பியது. 'காந்தாவின் இரு கண்களிலும் பணிபுரியும் என்சைம்கள், தங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு ஏழு தினங்களுக்குள் விளக்கம் அளிக்க வேண்டியது.' என்சைம்கள் சார்பில் காந்தாவே பெற்றுக்கொண்டு கைநாட்டு வைத்தாள்.

டாக்டர் மமதாவுக்கு வந்ததே கோபம்! அந்த ஆளுக்கு வெட்கமாவது வரட்டும் என்று, என்சைம்களுக்காகத் தானே ஒரு பதிலை எழுதி அனுப்பினாள்.

மாசத்தின் கடைசி நாளில் விசாரணை. காந்தாவோடு சேர்ந்து தெருக் கூட்டும் மகா, அவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். சேஷகிரி எழுந்து நின்று பதிலை வாசித்தார்.

"வேலை இரண்டு மடங்கானது. ஆட்கள் பாதியானோம். போனவர்கள் இடத்துக்குப் புது ஆள் போடவில்லை. எங்களுக்கும் வயதாகிறது."

படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். குமாஸ்தா சஞ்சய் மூக்கைச் சிந்தினான். வரிசையில் நின்றவர்கள்கூட, "அடடா, நம்ம கதையேதான்!" என்று உச்சுக் கொட்டினார்கள். வெட்கம் மட்டும் யாருக்கும் வரவில்லை.

அங்கேயே தீர்ப்பும் பிறந்தது: 'என்சைம்கள் குற்றமற்றவை. குற்றமே நிகழாதபடியால், அதன் விளைவாகக் கூறப்படும் புரையும் ஏற்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஆபரேஷன் அவசியமற்றது. மனு தள்ளுபடி.'

பாதிக்கப்பட்ட தொழிலாளிக்கு இப்படி ஒரு நியாயம் எந்த ஆபீஸில் கிடைக்கும்? கூடம் அதிரக் கைதட்டல். காந்தா திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வெள்ளையாக ஏதோ அசைந்தது, அவ்வளவுதான்.

"யாருடி மகா கை தட்றது?"

"எல்லாரும்தான்க்கா."

"பக்கத்துலகூடக் கேட்டுதே?"

மகா கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். "எல்லாரும் தட்டுனாங்களா... நானும் தட்டிட்டேன்க்கா."