கோச்சின் தொப்பியில் மஞ்சள் கறை

டன்மோர், ஆர்கன்சா
அக்டோபர் 19, ஞாயிறு

பேரன்புள்ள எர்லீன் அக்காவுக்கு,

தம்பி வெர்ஜில் எழுதிக்கொண்டது. நானும் நடீனும் நலம். உன் முழங்கால் சீக்கிரம் குணமாகிவிடக் கூடாதே என்று போன வாரம் முழுக்கக் கடவுளிடம் மன்றாடிக்கொண்டிருந்தேன். இனி அது தாராளமாகக் குணமாகலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. காரணத்தைச் சொல்கிறேன், கோபிக்காமல் படி.

நம் கல்லூரி ஃபுட்பால் ரசிகர் சங்கத்தார் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சர்ச் கூடத்தில் ஒரு விருந்து வைத்தார்கள். கெளுத்தி மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு, அந்தக் காலத்து கோச்சுகளைப் பற்றி ஆளுக்கொரு நினைவை மைக்கில் சொல்ல வேண்டும். நம் கோச் ஸ்டபிள்ஃபீல்டைப் பற்றிச் சொல்ல ஊரில் யாருக்குத்தான் கதை இல்லை? நடுவர் தீர்ப்பு பிடிக்காமல் மைதானத்தின் நடுவில் மல்லாந்து படுத்துக்கொண்டவர், தோற்ற அணியைப் பஸ்ஸில் ஏற்றாமல் ஒன்பது மைல் நடக்கவிட்டுத் தானும் கூடவே அழுதுகொண்டு நடந்தவர். ஆனால் அச்சடித்த நிகழ்ச்சி நிரலில் முதல் பெயர் என்னுடையது. 'கோச் என்னிடம் யோசனை கேட்ட நாள்: வெர்ஜில் டாக்கெட்.' 

அந்தக் கதை உனக்குத் தெரியும். 1968, ஹார்லன் கல்லூரியோடு ஆட்டம், கடைசி நிமிஷம், நாம் நாலு புள்ளி பின்னால். கோச் திரும்பி, தலைக்கு நேர் மேலே மூன்றாம் வரிசையில் இருந்த என்னைப் பார்த்து, "தம்பி, என்னடா பண்ணலாம்?" என்று கேட்டாராம். "பந்த இடது பக்கம் எறியச் சொல்லுங்க கோச்" என்றேனாம். எறிந்தார்களாம், ஜெயித்தோமாம். தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் முப்பது வருஷம் தபால்தலையோடு சேர்த்து இதையும் விற்றிருக்கிறேன். நடீன் என்னைக் கட்டிக்கொண்டதே இந்தக் கதையைக் கேட்டுத்தான். உண்மையில் அன்றைக்கு நடந்தது என்னவென்று உயிரோடு இருப்பவர்களில் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், நீ என் பக்கத்தில்தானே இருந்தாய். அதனால்தான் உன் முழங்காலுக்கு எதிராக ஜெபம் செய்தேன்.

நீ வரவில்லை என்று நிம்மதியாகக் கூடத்துக்குள் நுழைந்தால், முதல் மேஜையில் கோச்சின் மகள் லோர்னா உட்கார்ந்திருக்கிறார், டெக்சாசிலிருந்து காரோட்டி வந்தாராம். அவருக்கு முன்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் கோச்சின் சாம்பல் நிறத் தொப்பி. தொப்பியின் உச்சியில் அரை டாலர் காசு அளவுக்கு ஒரு மஞ்சள் கறை. ஹாட் டாக்கிலிருந்து சொட்டிய கடுகு சாஸ், அக்கா! நாற்பத்தாறு வருஷமாகியும் போகவில்லை. "என்னங்க, ஒரு மாதிரி இருக்கீங்க?" என்றாள் நடீன். "மீன்ல முள்ளு" என்றேன். அப்போது நான் மீனையே தொடவில்லை.

பெயரைக் கூப்பிட்டார்கள். போனேன். மைக்கைப் பிடித்தேன். அந்தக் கறை என்னையே பார்க்கிறது. "கோச் அன்னிக்கு என்கிட்ட..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டேன். நம் சர்ச் டீக்கன் ராய்ஸ் பின்னாலிருந்து, "என்ன வெர்ஜில், சொந்தக் கதையே மறந்துபோச்சா?" என்றான், ஆளாளுக்குச் சிரித்தார்கள். அப்புறம் என் வாயிலிருந்து தானாகவே வந்தது: "கோச் என்கிட்ட யோசனையெல்லாம் கேக்கலைங்க. என் கையிலிருந்த ஹாட் டாக்லேர்ந்து கடுகு சாஸ் அவர் தொப்பி மேல சொட்டிடுச்சு. அவரு திரும்பி, 'எந்த முட்டாப்பயடா அது, உன் தலையிலயே கொட்டிக்கடா'ன்னு கத்தினாரு. அவ்வளவுதான். மத்ததெல்லாம் பொய்."

நடீன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. வாசல் எத்தனை அடி தூரம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

லோர்னா எழுந்தார். "அட, நீங்கதானா அந்த மனுஷன்!" என்று கையைத் தட்டினார். "அப்பா சாகிறவரைக்கும் உங்களத் தேடினாரு, தெரியுமா? அன்னிக்கு அவரு பந்தத் தூக்கிக்கிட்டு வலது பக்கம் ஓடச் சொல்லத்தான் இருந்தாரு. கடுகு விழுந்த கோபத்துல தொப்பியக் கழட்டி இடது பக்கமா உதறினாரு. பந்து எறியுற ட்யூவி அதைத்தான் சைகைன்னு நெனச்சு இடது பக்கம் எறிஞ்சுட்டான். ஜெயிச்சாச்சு! 'அந்தப் பயலக் கண்டா அறையவும் செய்வேன், கட்டிப்பிடிக்கவும் செய்வேன்'னு அப்பா ஒவ்வொரு நன்றித் திருநாள் விருந்துலயும் சொல்லுவாரு. அறைய அவர் இல்ல. மத்தத நான் செஞ்சுடறேன்." சொன்னபடியே என்னைக் கட்டிப்பிடித்தார். கூடமே எழுந்து நின்று கூச்சல் போட்டது. ராய்ஸ்கூடத் தட்டினான், ஒரு கையால் மேஜையில்.

காரில் இரண்டு மைல் தாண்டியதும் நடீன், "நீங்க புளுகுறீங்கன்னு கல்யாணமான மறுவாரமே எனக்குத் தெரியும். நாலு பேர் முன்னாடி உண்மையச் சொல்லத் தைரியம் இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்று சொல்லி என் காதைப் பிடித்துத் திருகினாள். அக்கா, நெஞ்சிலிருந்து ஒரு டிரக் இறங்கிப் போன மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து, பீக்கன் கொட்டை போட்டுச் சுட்ட பை இனிப்பை மூன்று துண்டு சாப்பிட்டேன்.

அத்தான் கிளைடுக்கு என் அன்பு. உங்கள் இருவருக்கும் கடவுள் நல்ல தூக்கத்தையும், முழங்கால்களுக்கு நல்ல எண்ணெயையும் அருளட்டும்.

இப்படிக்கு,
பாரம் இறங்கிய உன் தம்பி,
வெர்ஜில்

பி.கு.: அன்றைக்கு ஹாட் டாக் உன் கையில்தான் இருந்தது என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மைக் முன்னால் 'என் அக்காவின் கையில்' என்று சொன்னால் வாக்கியம் நீண்டுவிடும் போலிருந்தது. இப்போது என் பெயரைப் பித்தளையில் பொறித்து அந்த மூன்றாம் வரிசை இருக்கையில் பதிக்கப்போகிறார்கள். அடுத்த மாதம் திறப்பு விழா, நடீன் உன்னையும் கூப்பிடச் சொல்கிறாள். உன் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? அவசரப்பட வேண்டாம்.