சம்பந்தி கொடுத்த பிக்கப்பும் எட்டு டிகிரியும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களின் சமுகத்திற்கு,

இங்கு நானும் என் மனைவியும் உடம்பளவில் நலம். தாங்களும் சம்பந்தியம்மாவும் அங்கு நலமாகவே இருப்பீர்கள். இருக்காமல் என்ன, வண்டிதான் இங்கே வந்துவிட்டதே. பென்சிலில் எழுதுவதற்கு மன்னிக்கவும். ஓய்வுபெற்ற அன்று அலுவலகத்தில் என் பெயர் பொறித்துக் கொடுத்த பேனா பத்து நாளாகக் காணவில்லை. காணாமல் போன அன்று எங்கள் வீட்டுக்கு வந்துபோனவர் தங்கள் மகன், அதாவது என் மாப்பிள்ளை, ஒருவர்தான். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. வந்துபோனது யார் என்று மட்டும்தான் சொல்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மகளும் மாப்பிள்ளையும் வருகிற ஞாயிற்றுக்கிழமை தனி வீட்டுக்குப் போகிறார்கள். "லாரியெல்லாம் வேண்டாம்ப்பா, என் சாமான் உங்க வண்டியிலதான் வரணும், நானும் அதுலதான் வருவேன்" என்று மகள் சொல்லிவிட்டாள். கட்டில், பீரோ, வாஷிங் மெஷின், கூடவே அவள், எல்லாவற்றையும் புது வீடு இருக்கும் அந்த மேட்டுத் தெருவில் ஏற்றிவிடுவதாக நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன். தாங்கள் பெருந்தன்மையோடு சும்மா கொடுத்த இருபத்தெட்டு வயது பிக்கப்பை நம்பித்தான் கொடுத்தேன். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நானும் பார்க்கவில்லை. ஆனால் சாவியைக் கையில் கொடுக்கும்போது, பத்துப் பேர் முன்னால் தாங்கள் ஒன்று சொன்னீர்கள்: "டைமிங் கொஞ்சம் தள்ளியிருக்கு சம்பந்தி. மெக்கானிக்கிட்ட விட்டுடுங்க. நீங்க கை வச்சிடாதீங்க." எடை அளவுச் சோதனை அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் தராசு தராசாகப் பார்த்து முத்திரை குத்திய கையைப் பற்றிச் சொல்கிற பேச்சா இது? அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், கை வைப்பது என்று.

டைமிங் ஒன்றும் பிரம்மவித்தை இல்லை. இஞ்சினுக்குள் பிஸ்டன் உச்சிக்கு வந்து சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் பிளக்கில் பொறி விழ வேண்டும். எவ்வளவு முன்னால் என்றால் எட்டு டிகிரி என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிறது. அதற்கு, பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு நூலளவு இப்படியோ அப்படியோ திருப்ப வேண்டும். தெருமுனை மெக்கானிக்கிடம் டைமிங் லைட் இரவல் கேட்டுப் போனேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "லைட் எதுக்கு சார்? காதால கேட்டுத் திருப்புங்க, இஞ்சினே சொல்லிடும்" என்றார். 'தராசே சொல்லிடும் சார்' என்ற கடைக்காரர்களைத்தானே நான் முப்பத்து நான்கு வருடமும் பிடித்தேன்! லைட்டைக் கொடுய்யா என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

புத்தகத்தில் சொன்னதைச் சொன்னபடி செய்தேன். இஞ்சினின் முன்பக்கம் சுற்றும் கப்பியின் விளிம்பில் ஒரு கோடு இருக்கும் என்றது. தங்கள் பராமரிப்பில் அது விரல் கனத்துக்கு எண்ணெய் அழுக்கில் புதைந்து கிடந்தது. பழைய பல் பிரஷால் தேய்த்தெடுத்தேன். (அது பழையதல்ல என்று என் மனைவி பிறகு சொன்னாள்.) கோடு தெரிவதற்காக, எழுத்துப் பிழையை மறைக்கும் வெள்ளை மையை அதன்மேல் தடவினேன், பணிக்காலத்தில் எனக்கு ஒருநாளும் தேவைப்படாத மை. டிஸ்ட்ரிபியூட்டருக்கு வருகிற வேக்குவம் குழாயைக் கழற்றி அடைக்கவும் என்றிருந்தது. கழற்றி, கையில் கிடைத்ததைச் செருகி அடைத்தேன். முதல் பிளக் வயரில் லைட்டின் கிளிப்பை மாட்டிவிட்டு, மனைவியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுவது அவள்தான். எனக்கும் லைசென்ஸ் இருக்கிறது, பழக்கம்தான் இல்லை.

அந்த லைட் சரியான மாயக்காரி சம்பந்தி. பளிச் பளிச்சென்று அடிக்கும்போது, சுற்றுகிற கோடு நின்றுவிட்ட மாதிரி தெரிகிறது. அதே வெளிச்சத்தில் பக்கத்தில் சுற்றும் இஞ்சின் ஃபேனும் அநேகமாக நின்ற மாதிரிதான் தெரிகிறது. நின்ற ஃபேன் பக்கத்தில் ஒரு மனிதன் குனிவதில் என்ன தவறு? "ஃபேன் சுத்துதுங்க, தள்ளி நில்லுங்க!" என்று மனைவி கத்தினாள். "சுத்தலடி, கண்ணால பாக்கறேன்ல!" என்றேன். "பாத்ததெல்லாம் சரி, தோள்ல கிடந்த துண்டு எங்க?" என்றாள். பாதித் துண்டு ரேடியேட்டரில் இருந்தது, மீதிப் பாதியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். நான் அசரவில்லை. கோடு, பக்கத்தில் பொறித்திருக்கும் டிகிரி அளவில் ஏழரைக்கு நேராக வந்து நின்றது. ஏழரை யாருக்கு நல்லது செய்திருக்கிறது? திருப்பினேன், எட்டரைக்குப் போனது. மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, இரண்டு மணி நேரத்தில் எட்டில் நிறுத்தி, போல்ட்டை இறுக்கினேன். முத்திரை ஒன்றுதான் குத்தவில்லை.

அப்புறம் வண்டிய எடுத்தா, போகமாட்டேங்குது சம்பந்தி! மெல்ல மிதிச்சா மூச்சு வாங்குது, சூடு ஏறுது, பெட்ரோலைத் தண்ணியா குடிக்குது. முழுசா மிதிக்க நான் விடறதில்ல, எதையும் பாதியளவுதான் மிதிக்கணும்ங்கறது என் கொள்கை. நேத்து மேட்டுத் தெருவுல தபால்காரர் சைக்கிள்ல எங்கள முந்திட்டுப் போறாரு. போறவரு சும்மா போகாம, "தள்ளணுமா சார்?"னு ஒரு கேள்வி வேற. மானம் கப்பலேறிடுச்சு. நான் வச்சது எட்டு, அதுக்கு லைட்டே சாட்சி. அப்ப கோளாறு எங்க? இஞ்சின்ல. இஞ்சின் யாருது? உங்களுது. நீங்க டைமிங் டைமிங்னு சொன்னதெல்லாம் நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்குங்கற கதைதான். பொண்ணக் கொடுத்த இடத்துல வாய் திறக்கக் கூடாதுன்னு பத்து நாளா பல்லைக் கடிச்சிட்டிருந்தேன், இனிமே கடிக்கப் பல் இல்ல.

ஆகவே தீர்மானமாகத் தெரிவித்துக்கொள்வது யாதெனில்: வண்டியைத் தாங்களே வந்து எடுத்துச் செல்லவும். பேனாவும் திரும்பி வரவேண்டும். இரண்டும் நடக்காதவரை ஞாயிற்றுக்கிழமை நான் வருவதாக இல்லை. மகள் லாரியிலேயே போகட்டும். அவள் அழுதால் அதற்குத் தாங்களே பொறுப்பு. இதை எழுதும்போது எனக்கும் மனசு நன்றாக இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மகளுக்கு என் பரிபூரண ஆசி. மாப்பிள்ளைக்கும் ஆசி உண்டு, பேனா வந்ததும் முழுமையாக.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி
எடை அளவுச் சோதகர் (ஓய்வு)

பின்குறிப்பு: அண்ணா, இது நான், உங்கள் மருமகளின் அம்மா. இதைத் தபாலில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தார். ஒட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடுவது என் வழக்கம். "கையில் கிடைத்ததைச் செருகி" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அன்றைக்கு அவர் கையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் தாளில் குறித்துக்கொண்டல்லவா இருந்தார்! போய் இஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தேன். குழாய் வாயில் பேனா, பெயர் மேலே தெரிகிற மாதிரி. அதில்தான் இப்போது எழுதுகிறேன். சூட்டில் மை கொஞ்சம் இளகியிருக்கிறது, வேறு குறையில்லை.

பேனாவைப் பிடுங்கிவிட்டுக் குழாயை அதன் இடத்தில் மாட்டினேன்; டைமிங் வைத்து முடித்ததும் திரும்ப மாட்டவும், இல்லாவிட்டால் பாதி மிதியில் வண்டி இழுக்காது என்று புத்தகத்தின் அடுத்த பக்கத்தில் இருக்கிறது. அவர் வைத்த எட்டு என்னவோ சரிதான், பாவம். மேட்டுத் தெருவில் பாதி மிதியிலேயே வண்டி ஏறிவிட்டது. தபால்காரரைக்கூட முந்தினேன், "தள்ளணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான். தபாலை விட நான் வேகமாக வருவதால், கடிதத்தை நானே கொண்டுவந்து உங்கள் வாசல் பெட்டியில் போடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்துவிடுவோம், அவரும் வருவார். மகளை எங்கள் நடுவில் உட்கார வைத்துக்கொள்கிறோம். மேடு ஏறியதும் இறங்கி நின்று "பாத்தீங்களா, எட்டு டிகிரி" என்பார். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். மாப்பிள்ளைக்கு இதைக் காட்டுவதானால், பேனா கிடைத்ததை முதலில் சொல்லிவிட்டுக் காட்டுங்கள்.

கோபத்தில் கிழித்துப் போட்டுவிடாதீர்கள் அண்ணா, பத்திரமாக வையுங்கள். புது வீட்டில் வாஷிங் மெஷினைத் தானே மாட்டித் தருவதாக மகளிடம் சொல்லியிருக்கிறார்.