ஐஸில் வந்த சம்பந்தி

பனி விழாத ஊரில் பிறந்தவர்கள் பனிச்சறுக்கு பற்றிப் பாடம் நடத்தக் கூடாது. நான் நடத்தினேன். மட்டாஞ்சேரியில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. உராய்வுப் பாடம் வந்தால் எனக்குச் சாமி வந்துவிடும். (பிள்ளைகளுக்குத் தூக்கம் வரும்.)

என் தங்கை கவிதாவுக்கு நிச்சயதார்த்தம், கொச்சங்காடியில் ஒரு சின்ன ஹாலில். மாப்பிள்ளை வீட்டார் ஆலுவாக்காரர்கள். மாப்பிள்ளையின் அப்பா கோபக்காரர். வாசலில் வந்து கூப்பிடவில்லை என்பதற்காகவே முன்பு ஒரு சம்பந்தத்தை உதறிவிட்டு வந்தவர். கவிதாவோ கட்டினால் அவர் பையனைத்தான் என்று நின்றாள். அதனால் வாசல் பொறுப்பை அம்மா யாரிடமும் விடவில்லை. எனக்குக் கிடைத்தது எலுமிச்சை ஜூஸுக்கு (எங்கள் ஊரில் நாரங்கா வெள்ளம்) ஐஸ் ஏற்பாடு.

சரக்கேற்றும் பெட்டி ஓட்டோவில் ஒரு முழுப் பாளம் வந்தது, மேலெல்லாம் மரத்தூள். சம்பந்தி வீட்டார் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று ஓட்டோவிலேயே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். பிடிமானம் தந்த ஒரே பொருள் அந்தத் தூள்தான் என்பது இயற்பியல் டீச்சருக்குத் தோன்றவில்லை. ஓட்டோவிலிருந்து பக்கவாசல் வரை ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டேன். மொசைக் தரைக்கு வந்ததும் தானே நின்றுவிடும் என்று டிரைவர் சேட்டனுக்கு உறுதி சொல்லி, ஒரு தள்ளு தள்ளினேன்.

நிற்கவில்லை. ஐஸின் மேல்பரப்பில் எப்போதும் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இருக்கும். நான் ஊற்றிய தண்ணீர் வேறு. பாளம் சத்தமே இல்லாமல் ஹாலுக்குள் புகுந்தது. நடுவில் எனக்கு முதுகு காட்டி, அம்மாவுக்குக் கைகூப்பிக்கொண்டிருந்தார் மாப்பிள்ளையின் அப்பா. ஐஸ் கெண்டைக்காலில் தட்டியதும் அப்படியே அதன்மேல் உட்கார்ந்தார். இவ்வளவு கனம் ஏறியதே, இப்போதாவது நிற்கும் என்று பார்த்தேன். வேகம்தான் கொஞ்சம் குறைந்தது. கனம் கூடினால் உராய்வு கூடும், சரி. நிறுத்த வேண்டிய பாரமும் கூடவே கூடிவிடுகிறதே.

கூப்பிய கையோடு அவர் நாற்காலிகளைக் கடந்து, தாம்பூலத் தட்டுகளைக் கடந்து, சமையலறை வாசலில் தேங்காய் மூட்டையில் இடித்து நின்றார். மானம் போன அந்த நேரத்திலும் எனக்குள் ஒரே குதூகலம். புத்தகத்தில் மட்டுமே பார்த்த சறுக்கு, வேட்டி கட்டிக்கொண்டு கண்ணெதிரே போகிறது!

கவிதா அழத் தொடங்கிவிட்டாள். அவர் எழுந்திருக்காமல் என்னையே பார்த்தார்.

“இது எந்தா மோளே, நிக்கவே இல்லே?”

மகளே என்று கூப்பிட்டாலும் கேட்டது கோபத்தில். எனக்கோ மாணவன் சந்தேகம் கேட்பதுபோலப் பட்டது. நீர்ப்படலத்தில் தொடங்கி முழுப் பாடத்தையும் அங்கேயே நடத்தினேன். அம்மா கிள்ளிய இடம் கன்றிப்போனதுகூடப் பிறகுதான் தெரிந்தது. கடைசிவரை கேட்டவர், எழுந்து வேட்டியைப் பிழிந்துகொண்டே அம்மாவிடம் திரும்பினார்.

“வாசல்ல வந்து கூப்பிடாத வீட்டைப் பாத்திருக்கேன். வண்டி அனுப்பி உள்ளே கூட்டிட்டுப் போன வீடு இதுதான். தட்டு மாத்திக்கலாம். இந்த மோளை மட்டும் என் பின்னால நிக்க விடாதீங்க.”

கல்யாணம் நடந்தது. கவிதாவின் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றுமுன் அவர் கேட்பது, “மூத்தவ எங்கே?” பேத்தி சிரிக்காமல் சொல்வாள், “பெரியம்மா உங்க பின்னாலதான் தாத்தா.” உடனே இரண்டு கையாலும் வாசல் நிலையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.