கிட்டத் தரகரும் லண்டன் தூரமும்

இந்தப் பூமியைக் கிட்டத் தரகரைப் போலச் சுருக்கிக் காட்டிய மனிதர் வேறொருவரும் இல்லை. அவருடைய சொந்தப் பேர் எங்கள் ஊர் இணுவிலில் ஆருக்கும் தெரியாது. கலியாணம் பேசுவது தொழில். எந்த ஊர் மாப்பிள்ளையென்றாலும் "உது கிட்டத்தானே!" என்பார். பண்டத்தரிப்பு "கூப்பிடு தூரம்". கொழும்பு "ஏறினால் இறங்கிறதுதான்".

எழுபதுகளில் லண்டன் மாப்பிள்ளைமாரின் காலம் வந்தது. அப்படி ஒருவரை அவர் என் அக்காவுக்குக் கொண்டுவந்தார். கொஞ்ச நாள் முன்னம்தான் அம்மா, இருபது மைல்கூட இல்லாத கொடிகாமத்து மாப்பிள்ளை ஒருவரை, "அவ்வளவு தூரம் என்ரை பிள்ளையை விடமாட்டன்" என்று தட்டிக்கழித்திருந்தா.

"லண்டன் எவ்வளவு தூரம் அண்ணை?" என்று அம்மா கேட்டா.

"கொடிகாமத்தை விடக் கிட்ட, தங்கச்சி."

வெற்றிலை மென்றுகொண்டிருந்த அப்பாவுக்குப் புரையேறியது.

"பின்னை என்ன? கொடிகாமத்துக்கு யாழ்ப்பாணம் போய் பஸ் மாறவேணும். மிளகாய் மூட்டைக்கும் வாழைக்குலைக்கும் இடம் விட்டு நிண்டுகொண்டு போகவேணும். பிளேனிலை ஏறினவுடனை சாப்பாடு. சாப்பிட்டால் நித்திரை. கண் முழிச்சால் லண்டன்! நித்திரையிலை போற தூரம் ஒரு தூரமே?"

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். விடுவாரா? அட்லஸை விரித்தார். தரகர் பெருவிரலைக் கொழும்பில் ஊன்றி, சுட்டுவிரலை லண்டனுக்கு நீட்டினார்.

"பாருங்கோ மாஸ்டர், ஒரு சாண் வரேல்லை."

"ஐயாயிரம் மைலுக்கு மேலை ஐசே!"

"மைல் ரோட்டாலை போறவைக்கு. ஆகாயத்திலை ஆர் மைல்கட்டை நட்டது?"

அப்பா அட்லஸை மூடினார். அக்கா அறைக்குள் சிரித்தா. மாப்பிள்ளையின் படத்தைப் பார்த்ததிலிருந்து அவவுக்கும் லண்டன் கிட்டத்தான் தெரிந்தது.

கலியாணம் முடிந்து, அக்காவை வழியனுப்ப வாடகை வான் பிடித்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போனோம். தரகரும் தொற்றிக்கொண்டார். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு ஏறினதுதான் தாமதம், "தம்பி, இன்னும் கன தூரமோ?" என்று சாரதியை அரிக்கத் தொடங்கினார். வவுனியாவில் வானை நிறுத்தி, றோட்டோரம் குனிந்து சத்தியும் எடுத்தார். அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது. மனிசன் அதுவரை யாழ்ப்பாணத்தின் வாசலான ஆனையிறவைத் தாண்டினதே இல்லை!

விமானம் கிளம்பி மேகத்துக்குள் போனது. அம்மா கல்லுப்போல நின்றா. தரகர்தான் சால்வையை வாயில் அடைத்துக்கொண்டு விம்மினார்.

"ஐயோ, பிள்ளை ஒரு புள்ளியாய்ப் போட்டுதே!"

திரும்பி வரும்போது அப்பா மெல்லக் கேட்டார்: "உம்மடை மகளுக்கும் ஒரு லண்டன் மாப்பிள்ளையைப் பார்த்தால் என்ன?"

"உங்களுக்கென்ன விசரே மாஸ்டர்? அவ்வளவு தூரத்துக்கு ஆர் பிள்ளையைக் குடுப்பான்!"

தரகர் நாக்கைக் கடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். அம்மாதான் முதலில் சிரித்தா. சிரிக்கச் சிரிக்க, அதுவரை வராத அழுகையும் வந்துவிட்டது.

ஊர் திரும்பிய அடுத்தநாள் மத்தியானம் தரகர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். முற்றத்தில் நின்றபடியே சொன்னார்:

"தங்கச்சி, அங்கை இப்பதான் விடியுது. பிள்ளை எழும்பியிருப்பாள்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாளும் வந்தார். பேசின கலியாணம் ஒப்பேறிய பிறகு எந்தத் தரகருக்கும் அந்த வீட்டில் வேலை இல்லை. இவர் மழைக்கும் குடை பிடித்துக்கொண்டு வந்தார்.

அந்த ஒரு வரியைக் கேட்ட பிறகுதான் அம்மா சோற்றில் கை வைப்பா.